மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளி: அரண்மனைச் சுவரோரம் ஒரு யூத ஆலயம்

மலையாள மொழியில் முஸ்லிம்களின் தொழுகையிடத்தைப் பள்ளி என்பர். கிறிஸ்தவ தேவாலயத்தையும் பள்ளி என்பர். யூதரின் ஜெபாலயத்திற்கும் அதே பெயர்தான். பண்டைத் தமிழில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்து நின்ற இச்சொல், பின்னர் எம்மிடையே பள்ளிவாசலாகவும் பள்ளிக்கூடமாகவும் கிளைத்தது. சேரநாட்டிலோ கடல் கடந்து வந்த மூன்று சமயங்களுக்கும் அது பொதுவான பெயராகியது. அப்பள்ளிகளுள் ஒன்றுதான் கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் 1568ஆம் ஆண்டு எழுப்பப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் பரதேசிப் பள்ளி.

பரதேசி என்றதும் எமது செவியில் இரந்துண்பவர் என்ற பொருளே முதலில் விழும். இங்கு அச்சொல் அயல் தேசத்திலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளில் வழங்குகின்றது. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டதையும் அதையடுத்துப் போர்த்துக்கலில் அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளையும் நாம் அறிவோம். அவ்வாறு புகலிடம் தேடி அலைந்தோரில் ஒரு பகுதியினரும், சிரியாவின் அலெப்போ, ஈராக்கின் பக்தாத் போன்ற நகரங்களிலிருந்து வந்த வணிகக் குடும்பங்களும் சேர்ந்ததே கொச்சியின் பரதேசி யூத சமூகம். அவர்கள் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அம்மண்ணில் வேரூன்றி மலையாளம் பேசி வாழ்ந்த யூதர்களும் அங்கு இருந்தனர். அவர்கள் மலபாரி யூதர் எனப்பட்டனர். இவ்விரு பிரிவினருக்கும் இடையிலான உறவை அறியாமல் இக்கட்டடத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

பலஸ்தீன மக்கள் படும் அவலங்களைக் கண்டு மனம் கொதிப்போருக்கு யூத ஆலயம் ஒன்றைப் பற்றிய கட்டுரை இக்காலத்தில் எதற்கென்று தோன்றலாம். 1948இல் உருவான ஓர் அரசின் செயல்களுக்கும், அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மிளகும் ஏலமும் விற்று அயலவரோடு அமைதியாக வாழ்ந்த ஒரு சிறு சமூகத்தின் வழிபாட்டுக்கும் முடிச்சுப் போடுதல் நியாயமாகாது. அதைவிட, இச்சமூகத்தின் பழைய சாசனங்கள் தமிழருக்கும் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் அந்நியமானவை அல்ல.

இந்த ஆலயத்தில் பேணப்பட்டுவரும் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய சாசனம் இது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று யூதர்கள் வழிவழியாக நம்பி வந்தனர். எழுத்தமைதியையும் மன்னனின் ஆட்சியாண்டையும் ஆராய்ந்த அறிஞர்கள் அதனைக் கி.பி. 1000ஆம் ஆண்டளவுக்கு உரியதென்பர். வட்டெழுத்திலே, வடசொற்களுக்கு மட்டும் கிரந்த எழுத்தைக் கலந்து, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழிநடையில் அது பொறிக்கப்பட்டுள்ளது. அதில் ரப்பானுக்கு வழங்கப்பட்ட உரிமைகள் எழுபத்திரண்டு. பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம், படிப்புரை, தோரணம் என அச்சாசனம் அடுக்கும் சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு தமிழ் வாசகருக்கு அகராதி அதிகம் தேவைப்படாது. நடந்து செல்லும் வழியில் துணி விரிக்கவும், பகலிலும் விளக்கேந்திச் செல்லவும் உரிமை பெறுவதென்பது அக்காலச் சமூகத்தில் உயர்குடியினராக ஏற்கப்படுவதற்கு ஒப்பாகும். வரிவிலக்கும் அதனோடு சேர்ந்தே வழங்கப்பட்டது. சேரப் பேரரசின் கீழிருந்த நாடுகளின் அதிபதிகள் பலர் அதற்குச் சான்று வைத்துள்ளனர். 2017ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது இச்செப்பேட்டின் பிரதியொன்றை அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசளித்தமை பலருக்கு நினைவிருக்கலாம்.

ரப்பானுக்கு அளிக்கப்பட்டது அஞ்சுவண்ணம் என்று சாசனம் கூறுகின்றது. அஞ்சுவண்ணம் என்றால் என்ன என்பதில் நீண்டகாலம் மயக்கம் இருந்தது. ஐந்து வர்ணத்தார் என்று பொருள் கொண்டவர்களும் உளர். பாரசீக மொழியில் கூட்டம், சபை எனப் பொருள்படும் அஞ்சுமன் என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்பதும், மேற்காசிய வணிகர்கள் தமக்குள் அமைத்துக்கொண்ட வணிகக் குழுவையே அது குறித்தது என்பதும் இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. அக்குழு யூதருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கி.பி. 849இல் கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் இடம்பெறுகின்றது. அச்செப்பேட்டின் இறுதியில் அரபு எழுத்திலும், பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட பாரசீகத்திலும் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். ஒரு கிறிஸ்தவ ஆலயத்துக்கான கொடைக்கு முஸ்லிம்களும் பாரசீகச் சமயத்தவரும் யூதரும் சாட்சிகளாக நின்றனர்!

பிற்காலத்தில் தமிழகக் கரையோரத்தில் இப்பெயர் முஸ்லிம் வணிகரோடு ஒட்டிக்கொண்டது. குமரி மாவட்டத்தின் தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் பெயரோடு இணைந்த முஸ்லிம் சங்கம் அஞ்சுவண்ணம் என்ற சொல்லையும் தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. தோப்பில் முஹம்மது மீரான் தமது நாவல் ஒன்றுக்கு வைத்த பெயர் 'அஞ்சுவண்ணம் தெரு'. கொச்சி யூதரின் செப்பேட்டில் உள்ள ஒரு சொல், தென்தமிழக முஸ்லிம் தெருவொன்றின் பெயராக நடமாடுகின்றது என்பதை எமது பாடநூல்கள் ஏனோ சொல்லித் தருவதில்லை.

மலபாரி யூதரின் முதற் குடியிருப்பு கொச்சியல்ல, கொடுங்கல்லூர். சங்க நூல்கள் முசிறி என்றும், செப்பேடு முயிரிக்கோடு என்றும் கூறும் துறைமுகம் அது. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் அத்துறையை மண்மூடச் செய்து, தெற்கே கொச்சியில் புதிய கடல்வாயிலைத் திறந்துவிட்டது என்பது வழக்கிலுள்ள வரலாறு. மூன்றே ஆண்டுகளில், 1344இல், கொச்சியை அடுத்த கொச்சங்காடியில் யூத ஆலயம் ஒன்று எழுந்தது. அவ்வாலயம் இன்றில்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மாத்திரம் பரதேசிப் பள்ளியின் வெளிச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது.

கொடுங்கல்லூர் யூதரின் இடப்பெயர்வு அத்தோடு நின்றுவிடவில்லை. 1524இல் மிளகு வாணிபத்தின் பேரில் மூண்ட பூசலில் அவர்கள் முஸ்லிம் வணிகரின் தாக்குதலுக்கு ஆளாயினர். மலபார் முஸ்லிம்களின் பெரும் வரலாற்றாசிரியரான ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் தமது 'துஹ்பதுல் முஜாஹிதீன்' நூலில் இம்மோதலை மறைக்காமலே பதிந்துள்ளார். பின்னர் போர்த்துக்கேயரின் கெடுபிடி வந்தது. கோவாவில் 1560இல் மதவிசாரணை மன்றம் நிறுவப்பட்டபின், ஐரோப்பாவில் தப்பிய யூதருக்கு இந்தியக் கரையிலும் அதே நெருப்பு காத்திருந்தது.

இந்நிலையில்தான் கொச்சி மன்னர் கேசவ ராமவர்மா தமது அரண்மனையை ஒட்டிய நிலத்தை யூதருக்கு வழங்கினார். நகருக்கு வெளியே எங்கோ ஒரு மூலையில் அவர்களை இருத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அரண்மனையும், அரச குடும்பத்தின் பழயன்னூர் பகவதி கோயிலும், யூதரின் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கோயில் மணியோசையும் எபிரேய வேதவாசிப்பும் ஒரே சுவரின் இருபுறமும் கேட்டிருக்கும். போர்த்துக்கேயர் இம்மன்னரை யூதரின் அரசன் என்று எள்ளி நகையாடியதாகச் சொல்வர்.

அரண்மனைச் சுவர் தந்த பாதுகாப்புக்கும் எல்லை இருந்தது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தத் தளபதி ரைக்லோப் வான் கூன்ஸ், 1662இல் கொச்சியை முற்றுகையிட்டார். யூதர்கள் ஒல்லாந்தர் பக்கம் சாய்ந்தனர். முற்றுகை பலிக்காமல் ஒல்லாந்தர் பின்வாங்கியதும், போர்த்துக்கேயர் யூதர் தெருவைச் சூறையாடி ஆலயத்துக்கும் தீ வைத்தனர். ஏடுகளும் பதிவுகளும் அழிந்தன. மறு ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தர் மீண்டும் வந்து கொச்சியைப் பிடித்த பின்னரே ஆலயம் புதுப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு ஒல்லாந்தர் ஆட்சி ஒடுக்குமுறையாகவும், கொச்சி யூதருக்கு அதே ஆட்சி விடுதலையாகவும் அமைந்தது. ஒரே தளபதி, ஒரே கம்பனி. ஆனால் இரு சமூகங்களின் நினைவில் இரு வேறு முகங்கள்.

இனிக் கட்டடத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவின் பெரும் யூத ஆலயங்களைப் படங்களில் கண்டவர்கள் இங்கு ஏமாறக்கூடும். வெள்ளையடித்த தடித்த சுவர்கள், சரிந்த ஓட்டுக்கூரை, மரச்சட்டமிட்ட யன்னல்கள். மழை மிகுந்த மலபாரில் ஒரு வசதியான வீட்டை எவ்வாறு கட்டுவார்களோ அவ்வாறே கட்டியிருக்கிறார்கள். எம் நாட்டில் கபுக்கல் என்று வழங்கும் செம்புரைக்கல்லும் சுண்ணச்சாந்துமே கேரளத்தின் இத்தகைய பழைய கட்டடங்களுக்கு அடிப்படை. வாயிலைக் கடந்து முற்றம், முற்றத்தைக் கடந்து அசாரா எனப்படும் முன்மண்டபம், அதற்கப்பால் வழிபாட்டு மண்டபம் என்ற வரிசையே கேரளத்தின் ஏனைய யூத ஆலயங்களிலும் பின்பற்றப்பட்டுள்ளது. அசாரா என்பது ஜெருசலேமின் பண்டைய ஆலய முற்றத்துக்கு வழங்கிய பெயர். உள்ளே செல்வோர் பாதணிகளைக் கழற்றிவிட வேண்டும். உலகின் ஏனைய பகுதி யூத ஆலயங்களில் பொதுவாகக் காணப்படாத இவ்வழக்கம், கோயிலையும் பள்ளிவாசலையும் அயலாகக் கொண்டவர்களுக்கு இயல்பாகவே வந்திருக்கும்.

மண்டபத்தின் மேற்குச் சுவரில், தேக்கில் கடைந்து வண்ணமிட்ட பேழை அமைந்துள்ளது. யூதர் தொழும் திசை ஜெருசலேம். மலபாரிலிருந்து நோக்குமிடத்து அது மேற்கே உள்ளது. அயலிலுள்ள முஸ்லிம்கள் கஃபாவை நோக்கி நிற்பதும் மேற்கு முகமாகவே. பேழையினுள் தோரா சுருள்கள், அதாவது மூசா நபியின் தவ்றாத் வேதம், வெள்ளியும் பொன்னும் வேய்ந்த உறைகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சூட்டும் பொன்முடிகளுள் ஒன்று, திருவிதாங்கூர் மன்னர் 1805இல் அளித்தது. யூத வேதத்துக்கு ஓர் இந்து அரசர் முடிசூட்டினார் என்று சொன்னால் மிகையில்லை.

மண்டபத்தின் நடுவே பித்தளைக் கம்பிகளால் வளைத்த மேடை ஒன்றுள்ளது. வேதம் வாசிக்கப்படுவது இங்கிருந்துதான். மேலே பெண்களுக்கான மாடம். அம்மாடத்தின் முன்புறத்திலும் இன்னொரு வாசிப்பு மேடை உண்டு. விசேட நாள்களில் வேதச்சுருள் அங்கு கொண்டுசெல்லப்பட்டு வாசிக்கப்படும். இந்த இரண்டாவது மேடை கேரள யூத ஆலயங்களுக்கே உரிய தனித்தன்மை. பெண்கள் மாடத்தில் ஒதுக்கி அமர்த்தப்பட்டனரேயன்றி வேதம் அவர்களிடமிருந்து ஒதுக்கப்படவில்லை. மலையாளத்தில் யூதப் பெண்கள் பாடிய பாடல்கள் ஏட்டிலும் நினைவிலுமாகப் பேணப்பட்டமையையும் இவ்விடத்தில் சேர்த்தே எண்ண வேண்டும். ஆண்கள் எபிரேயத்தில் ஓதினர். பெண்கள் தாய்மொழியில் பாடினர்.

கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும் நிறைவாகத் தொங்குகின்றன. ஆயினும் வருவோரின் கண் முதலில் தரையிலேயே பதியும். வெள்ளைப் பரப்பில் நீலத்தால் தீட்டிய சீனப் பீங்கான் தளக்கற்கள், ஏறத்தாழ 1,100, அங்கு பதிக்கப்பட்டுள்ளன. 1762இல் கான்டன் துறைமுகத்திலிருந்து அவற்றை வரவழைத்தவர் எசேக்கியேல் ரஹாபி. அலெப்போவிலிருந்து வந்த குடும்பத்தவரான இவர், ஒல்லாந்தக் கம்பனியின் தலைமை வணிகராகவும் மலபார் மன்னர்களிடம் அதன் தூதராகவும் விளங்கியவர். ஒரு கல்லைப் போல் மற்றொன்று இல்லை என வழிகாட்டிகள் பெருமையுடன் கூறுவர். கையால் வரைந்தவை என்பதால் அதில் வியப்பில்லை. இக்கற்கள் முதலில் அரண்மனைக்கென வந்தன என்றும், அவற்றின் ஆக்கத்தில் பசுவின் இரத்தம் சேர்ந்துள்ளது என்று யூதர் சொன்னதைக் கேட்டு அரசர் கைவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகின்றது. ஆதாரம் தேடத் தேவையில்லாத சுவையான கதை.

ஆலயத்தின் மணிக்கூட்டுக் கோபுரமும் 1760ஆம் ஆண்டளவில் ரஹாபி எழுப்பியதே. அதன் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துகளாலும், இன்னொன்றில் ரோம இலக்கங்களாலும், வேறொன்றில் மலையாள இலக்கங்களாலும் மணி குறிக்கப்பட்டுள்ளது. தெருவில் போகும் எவரும் தமக்குத் தெரிந்த எழுத்தில் நேரத்தை அறிந்துகொள்ளலாம். நெடுங்காலம் சிதைந்திருந்த அதனை 1990களின் இறுதியில் உலக நினைவுச்சின்ன நிதியம் சீர்படுத்தத் தொடங்கியது.

சுற்றுலாக் கையேடுகள் இத்துடன் நின்றுவிடும். சகிப்புத்தன்மையின் சின்னம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடும். சகிப்புத்தன்மை உண்மைதான். ஆனால் அது சுவருக்கு வெளியே இருந்தது. உள்ளே நடந்தது வேறு.

பரதேசிகள் தம்மை வெள்ளை யூதர் என்றும், மலபாரிகளைக் கறுப்பு யூதர் என்றும் அழைத்தனர். மலபாரிகளோடு திருமண உறவு கொள்ளவில்லை. அவர்களைத் தமது ஆலயத்தில் சமமாக அமரவிடவில்லை. மலபாரிகளுக்குத் தனி ஆலயங்கள் இருந்தமையால் அவர்கள் ஒருவாறு விலகி வாழ்ந்தனர். வேறு போக்கிடம் அற்றிருந்தவர்கள், பரதேசிக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து யூத மதத்தில் சேர்க்கப்பட்டு விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள். மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக அவர்களைத் தொடர்ந்தது. பரதேசிப் பள்ளியில் அவர்களுக்கு இருக்கை இல்லை. அசாராவிலோ படியிலோ தரையிலோதான் இடம். வேதம் வாசிக்க அவர்கள் அழைக்கப்படுவதில்லை. இறந்தபின் புதைகுழியும் வேறு. அக்கரையில் ஒடுக்கப்பட்டு ஓடிவந்தவர்கள், இக்கரையில் கண்ட சாதி முறையை அப்படியே எடுத்து அணிந்துகொண்டார்கள்.

யூத மதச் சட்டம் இதனை அனுமதித்ததா? இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து இவ்விவகாரம் கெய்ரோவின் புகழ்பெற்ற மதச்சட்ட அறிஞர் டேவிட் இப்னு சிம்ராவிடம் எழுப்பப்பட்டபோது, உரிய சடங்கின் பின் அவர்களை யூதராகவே ஏற்று மணவுறவு கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யோசேப்பு ரப்பானுக்குச் செப்பேடு வழங்கப்பட்ட காலத்தில் பரதேசிகள் மலபாருக்கே வந்திருக்கவில்லை. அச்செப்பேடு எமக்குரியது என்று மலபாரிகள் வாதிட்டனர். அது பரதேசிப் பள்ளியிலேயே இருந்தது.

மாற்றம் படியில் அமர்த்தப்பட்டவர்களிடமிருந்தே வந்தது. 1882இல் பிறந்த ஏ.பி. சேலம், மெஷுக்ராரிம் மரபைச் சேர்ந்தவர், பட்டதாரி, சட்டத்தரணி. கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். 1929இல் பூரண சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய லாகூர் காங்கிரஸ் மாநாட்டிலும் கலந்துகொண்டவர். நாட்டின் சட்டசபையில் ஆசனம் பெற்றவருக்குத் தமது தெருவின் ஆலயத்தில் ஆசனம் இல்லை. வைக்கத்தில் 1924-25இல் கோயில் தெருக்களுக்காக நடந்த சத்தியாக்கிரகம் கேரளத்தையே உலுக்கிய காலம் அது. சேலம் அதே ஆயுதத்தை ஆலயத்துள் கொண்டுவந்தார். பகிஷ்கரித்தார், உண்ணாவிரத எச்சரிக்கையும் விடுத்தார். யூத காந்தி என்ற பெயர் அவருக்கு இதனால் வாய்த்தது. 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகள் பல தளர்ந்தன. திருமணத் தடை மட்டும் மேலும் நீடித்தது. 1950இல் அவருடைய மகன் ஒருவர் பரதேசிக் குடும்பப் பெண்ணை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் நடைபெறவில்லை, பம்பாயில் நடந்தது.

அதற்குள் காலம் வேறு திசையில் திரும்பியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கொச்சிப் பகுதியில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் இருந்தனர். 1950களின் நடுப்பகுதியில் மலபாரிகளில் மிகப் பெரும்பாலோர் ஊர் ஊராக இஸ்ரேலுக்குப் புறப்பட்டனர். எவரும் அவர்களைத் துரத்தவில்லை. வேதம் கூறிய மண் என்ற ஈர்ப்பே முதன்மையான காரணம். பரதேசிகள் சற்றுத் தயங்கி, பின்னர் ஒவ்வொரு குடும்பமாகச் சென்றனர். 1968 டிசம்பரில் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு நிறைவு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். இந்திய அரசு முத்திரையும் வெளியிட்டது. விழாவில் ஒளி இருந்தது, இருக்கைகளில் ஆட்கள் குறைந்துகொண்டிருந்தனர்.

யூதரின் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். பரதேசிப் பள்ளியில் குருவானவர் என்று எவரும் இருந்ததில்லை, மூத்தோரே தொழுகை நடத்தினர். எனவே குருவின்றி நடத்தலாம், பத்துப் பேரின்றி நடத்த இயலாது. கடைசிப் பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கையை நிறைவு செய்ய வெளிநாட்டு யூத உல்லாசப் பயணிகளின் வரவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் இருக்கை மறுக்கப்பட்டு படியில் அமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அப்போது அங்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2019இல் 96 வயதில் ஒரு மூதாட்டியும், 2024 ஆகஸ்டில் 89 வயதில் இன்னொருவரும் காலமானபின், பரதேசி யூதர் என்று மட்டாஞ்சேரியில் எஞ்சியவர் ஒரேயொருவர் எனச் செய்திகள் கூறின. அவர்களுள் முதலாமவரைத் தம் தாய்போல் முதுமையில் பராமரித்து, அவரது பூவேலைக் கடையையும் நடத்தி வந்தவர் அத்தெருவின் முஸ்லிம் அன்பர் ஒருவர்.

பரதேசிப் பள்ளி நன்கு பேணப்படுகின்றது. அரண்மனையின் அயல், உல்லாசப் பயணிகளின் கூட்டம், செப்பேட்டின் புகழ் என அதற்குப் பல துணைகள். செந்தமங்கலத்திலும் பறவூரிலும் இருந்த மலபாரி ஆலயங்களை அரசு புதுப்பித்து அரும்பொருட்காட்சியகங்களாக்கியுள்ளது. எர்ணாகுளத்தில் ஓர் ஆலயத்தின் முன்பகுதியில் அலங்கார மீன்களும் செடிகளும் விற்றனர். ஆனால் பரதேசிப் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில், அதே யூதர் தெருவின் மறுமுனையில், அதைவிடவும் பழைமையானதாகக் கருதப்படும் மலபாரிகளின் கடவும்பாகம் ஆலயம் இருந்தது. யூதர் போனபின் அது பண்டகசாலையாயிற்று. சித்திரவேலைப்பாடு கொண்ட அதன் மர உட்பகுதி 1990களில் ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அரும்பொருட்காட்சியகத்தில் கொண்டுபோய்ப் பொருத்தப்பட்டது. வெறும் கூடாக நின்ற கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. கேரளத் தொல்லியல் திணைக்களம் அதனைப் பாதுகாக்க முன்வந்தது அதன் பின்னரே.